ஒரு மாதத்துக்குத்தான்

அச்சங்குளம்
9.12.2024

அன்புள்ள மதினிக்கு வாணி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத ஆசைதான். சின்னவன் அழகுராஜாவுக்கு இளைப்பு இன்னும் விடவில்லை. உங்கள் முட்டுவலி தேவலையா? சிவபாண்டி அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? உங்கள் தம்பி லோடு ஏற்றிக்கொண்டு பாட்னா போயிருக்கிறார், வர இருபது நாள் ஆகுமாம்.

நேற்றுப் பிரீத்திகாவை உங்கள் வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறியதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. என்ன செய்ய? தினமும் வேலை விட்டு வந்ததும் சின்னவனைத் தூக்கிக்கொண்டு சாத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு மாரித்தாய் அக்கா பகலில் ஒரு பிள்ளையைத்தான் பார்த்துக்கொள்வேன், இரண்டு என்றால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நல்ல நேரத்தில் நீங்கள் கை கொடுத்தீர்கள். ஒரு மாதத்துக்குத்தான் மதினி. அதற்கு மேல் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

‘போன் பண்ணாத, உன் குரலக் கேட்டா பிள்ள ஏங்கிப் போவா, எழுதிப் போடு, நான் வாசிச்சுக் காட்டுதேன்’ என்றீர்கள். சரி என்று பேனா எடுத்துவிட்டேன். காலையிலிருந்து பட்டாசுக்குத் திரி செருகிய கை, பேனாவையும் திரி என்றே நினைக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் சேட்டைகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். செருப்பை இடது வலது மாற்றித்தான் போடுவாள். திருத்தினால் ஊரைக் கூட்டுவாள். ‘அது ரெண்டும் சண்ட போட்டிருக்கும்மா, அதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது’ என்பாள். சட்டைக் கழுத்தைக் கடிப்பாள், கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசை வைப்பாள். சோறு சாப்பிடும்போது கடைசி உருண்டையை அவள் தின்ன மாட்டாள், எதிரே இருக்கிறவர்களுக்கு ஊட்டிவிடுவாள். வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எழுந்திருக்க மாட்டாள். எண்ணச் சொன்னால் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்பாள். நாலு எங்கே என்றால் ‘நாலு எனக்கு’ என்பாள். நாலு வயதில் பிடித்தது, ஐந்து முடிந்தும் விட மாட்டேன் என்கிறாள்.

அவளிடம் அம்மா முத்தம் கொடுத்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
வாணி


விருதுநகர்
20.12.2024

வாணிக்கு முத்துமாரி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். சின்னவன் நெஞ்சில் கற்பூரத் தைலம் தேய்த்துவிடு. நீயும் உடம்பைக் கவனித்துக்கொள்.

முதல் மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் பருப்பு மில்லுக்கு எங்கள் வீட்டு மாமா கூட்டிப்போனார். துவரம்பருப்பு மலைபோல் கொட்டிக் கிடக்கிறதைப் பார்த்ததும் அழுகை நின்றது. இப்போது தூக்கம் நன்றாக இருக்கிறது.

செருப்பை ஒழுங்காகப் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். சட்டைக் கழுத்தில் வேப்பெண்ணெய் தடவினேன், கடிப்பது நின்றது. கடைசி உருண்டை எனக்கு ஒத்துவரவில்லை வாணி. எச்சில். ஒரு தடவை வாங்கி, அவள் பார்க்காதபோது துப்பினேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் ஒன்றை நீ எழுதாமல் விட்டிருக்கிறாய். வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வாசல் கிரில்லில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். பிறகுதான் உள்ளே வருகிறாள். மாமாவையும் அப்படிச் செய்யச் சொல்கிறாள். செய்யாமல் வந்தால் ‘வெடிச்சிரும், வெடிச்சிரும்’ என்று அலறுகிறாள். தெருவில் வேடிக்கை பார்க்கிறார்கள். ஏதோ பயந்த கோளாறு என்று பூசாரியிடம் கூட்டிப்போய் மந்திரித்து, வேப்பிலை அடித்துக் கூட்டிவந்தேன். கையில் கயிறு கட்டியிருக்கிறது. இத்தனை பெரிய விஷயத்தைப் பெற்றவள் சொல்லாமல் விடலாமா?

மாதக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காதே. சின்னவன் தேறட்டும்.

அன்புடன்,
முத்துமாரி


அச்சங்குளம்
27.12.2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாரித்தாய் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். இருவரும் சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சின்னவனுக்கு இளைப்பு பாதி குறைந்திருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

அது பேயுமில்லை, பயமுமில்லை மதினி. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ரூம் வாசலிலும் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உள்ளே போகும் முன் அதில் கை வைக்க வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்டு அதில் இறங்கிவிடும், இல்லையென்றால் வெடிமருந்தில் பொறி பட்டுவிடும் என்பார்கள். ‘கம்பெனில என்னம்மா செய்வ?’ என்று ஒரு நாள் கேட்டாள், விளையாட்டாகச் செய்து காட்டினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவு நிலைதான் அவளுக்குச் செம்புத் தகடு. உங்கள் தம்பி, சின்னவன், பால்காரர், எல்லாரும் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாரும் செய்வதால் அது ஒரு பழக்கம் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அதனால்தான் எழுதவில்லை. வெடித்துவிடக் கூடாது என்றுதானே உங்களையும் தொடச் சொல்கிறாள்? பிரியமில்லாதவர்களிடம் சொல்வாளா? நீங்களும் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போங்கள், அவள் நிம்மதியாக இருப்பாள்.

இங்கே இவன் புதுப் பழக்கம் பிடித்திருக்கிறான். எதைக் கேட்டாலும் ‘மாட்டேன்.’ ‘பால் குடிக்கியா?’ ‘மாட்டேன்.’ குடித்துக்கொண்டே ‘மாட்டேன்’ என்கிறான். வெங்காயத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான். காலையில் அதே வெங்காயத்தைத்தான் குழம்பில் போடுகிறேன்.

பொங்கலுக்கு வருகிறேன். இவனையும் கூட்டிவருகிறேன். பிரீத்திகாவிடம் சொல்லுங்கள்.

வணக்கத்துடன்,
வாணி


விருதுநகர்
24.1.2025

வாணிக்கு,

மாமாவுக்குச் சளி, எனக்கு வழக்கம்போல் முட்டு. உங்கள் வீட்டில் சுகம்தானே.

பொங்கலுக்கு நீ வந்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ பஸ் ஏறிய அன்று சாயங்காலமே பிள்ளைக்குக் காய்ச்சல். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ‘அம்மா எங்க, அம்மா எங்க’ என்று ஒரே பேச்சு. நெற்றியில் துணி நனைத்துப் போட்டுக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். உனக்கு வந்து பார்த்துவிட்டுப் போவது எளிது. கொஞ்ச நாளைக்கு வராதே. பிள்ளையை இரண்டு பக்கமும் இழுத்தால் அது என்ன ஆகும்?

கிரில்லைத் தொடுகிற பழக்கம் நின்றுவிட்டது. நீ எழுதியதைப் படித்தேன். உன் கம்பெனிக்கு அது சரி. இது வீடு. நாலு பேர் வந்துபோகிற இடம். இரண்டு நாள் கரண்டிக்காம்பால் உள்ளங்கையில் ஒவ்வொன்று வைத்தேன். மூன்றாம் நாள் நேராக உள்ளே வந்துவிட்டாள். பிள்ளை வளர்ப்பில் கண்டிப்பும் வேண்டும்.

இன்னொன்று. கடைசி உருண்டையை இப்போது நான் துப்புவதில்லை. காய்ச்சல் விட்ட அன்று ரசஞ்சோறு பிசைந்து கொடுத்தேன். அவளாகவே கடைசி உருண்டையை எடுத்து என் வாயருகில் நீட்டினாள். எனக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்கித் தங்காமல் போனது உனக்குத் தெரியும். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் எனக்கு ஒருவரும் ஒரு வாய் ஊட்டியதில்லை வாணி. வாங்கிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

முத்துமாரி


அச்சங்குளம்
2.2.2025

மதினிக்கு வணக்கம்.

முட்டுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள். அண்ணனுக்குச் சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களே, அதற்கு உங்கள் காலில் விழ வேண்டும். கரண்டிக்காம்பு என்று எழுதியிருந்ததையும் படித்தேன். எனக்குக் கோபம் வந்தது. வந்ததை வந்தது என்று எழுதுகிறேன், வயதில் சின்னவள் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நினைத்த கை அது. அதில் அடித்திருக்க வேண்டாம்.

உருண்டை விஷயம் படித்தபோது உங்களுக்காகச் சந்தோஷப்பட்டேன். எனக்காகச் சந்தோஷப்பட முடியவில்லை.

சின்னவனுக்கு இளைப்பு நின்றுவிட்டது. இனி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கேட்ட ஒரு மாதமும் முடிந்து, அதற்கு மேல் மூன்று வாரமும் ஓடிவிட்டது. அடுத்த ஞாயிறு, 9ஆம் தேதி, காலை பஸ்ஸில் வந்து பிரீத்திகாவைக் கூட்டிக்கொள்கிறேன். அவள் துணிமணியை எடுத்து வையுங்கள். மாரித்தாய் அக்கா காலில் விழுந்து கேட்டு, இரண்டு பிள்ளையையும் பார்த்துக்கொள்ளச் சம்மதிக்க வைத்துவிட்டேன்.

வாணி


விருதுநகர்
25.2.2025

வாணிக்கு,

எல்லாரும் நலம். உங்கள் நலத்துக்குக் கும்பிடாத நாளில்லை.

9ஆம் தேதி நீ வந்தபோது வீடு பூட்டியிருந்ததாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நீ வருவாய் என்று எழுதியிருந்தது ஞாபகமில்லை. இருக்கன்குடிக்குப் போயிருந்தோம். பிள்ளைக்காக ஒரு வேண்டுதல். மத்தியானம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தாயாமே, தண்ணீராவது வாங்கிக் குடித்தாயா?

இப்போது அவளைக் கூட்டிப்போவது சரியில்லை. இங்கே தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறேன். மிஸ் இவளை ரொம்பக் கெட்டி என்கிறார். நாலையும் சேர்த்து எண்ணுகிறாள். வருஷ நடுவில் பிய்த்துக்கொண்டு போனால் படிப்பு கெட்டுவிடும். ஜூன் வரைக்கும் இருக்கட்டும். தம்பி காளியிடமும் பேசிவிட்டேன், அவனுக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

ஆதார் எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். நகல் இல்லை, அசல். அனுப்பி வை.

முத்துமாரி


அச்சங்குளம்
9.3.2025

மதினிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் நன்றாக இருங்கள்.

இருக்கன்குடிக்குப் போகிறவர்கள் சாத்தூரைத் தாண்டித்தானே போக வேண்டும்? சாத்தூருக்கும் அச்சங்குளத்துக்கும் எவ்வளவு தூரம்? நான் உங்கள் வாசலில் உட்கார்ந்திருந்த நேரத்தில் நீங்கள் பிள்ளையை எங்கள் ஊர்ப் பக்கமாகவே கூட்டிக்கொண்டு போய்த் திரும்பியிருக்கிறீர்கள். தண்ணீர் குடித்தேனா என்று கேட்டிருந்தீர்கள். குடித்தேன்.

உங்கள் தம்பியிடம் போனில் சண்டை போட்டேன். ‘என்ன மச்சான், நம்ம பிள்ளைய எப்ப கூட்டியாரப் போறீக?’ என்றேன். ‘இருக்கட்டும்லா. என்னிய இடுப்புல வச்சு வளத்தவ எங்கக்கா. அவ வீட்டுல ஒரு பிள்ளச் சத்தம் கேக்கட்டும். நமக்குத்தான் பையன் இருக்கான்ல’ என்றார். பையன் இருந்தால் மகள் வேண்டாமா? கேட்டேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். அவருக்குப் பிடிக்காததைக் கேட்டால் எப்போதும் லைன் சரியிருப்பதில்லை.

படிப்பு என்று நீங்கள் சொல்வதால் ஜூன் வரை பொறுக்கிறேன். ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. இது மாறாது. இங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்க்க டீச்சரிடம் பேசிவிட்டேன்.

ஆவணியில் குலசாமி கோயிலில் இரண்டு பிள்ளைகளுக்கும் மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். என் தம்பி மணிமுத்து இப்போதே திருத்தங்கலில் வேலை பார்க்கிற பிரஸ்ஸில் ஓவர்டைம் பார்க்கிறான். தாய்மாமன் சீரில் ஒரு குறை இருக்கக் கூடாதாம். ‘ஏக்கா, ரெண்டும் ஒரே நேரத்துல என் மடில உக்காந்தா தாங்குமா?’ என்று கேட்டு, சின்னவனை மடியில் வைத்துப் பழகிப் பார்க்கிறான். சின்னவன் ‘மாட்டேன்’ என்று இறங்கி ஓடுகிறான். நீங்களும் அண்ணனும் முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும்.

சான்றிதழைத் தேடினேன், கிடைக்கவில்லை.

வாணி


விருதுநகர்
20.4.2025

வாணிக்கு,

வெயில் தாங்கவில்லை. உங்கள் பக்கம் எப்படி? சின்னவனை வெளியே விடாதே.

தம்பி போன வாரம் வந்து சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போனான். உங்கள் டிரங்குப் பெட்டியில் அடியிலேயே இருந்ததாம். நீ சரியாகத் தேடவில்லை போலிருக்கிறது.

பங்குனிப் பொங்கலுக்குப் பட்டுப்பாவாடை எடுத்தோம். பிள்ளையைக் கண் வைக்காதவர்கள் இல்லை. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிய இரண்டு வரி கீழே இருக்கிறது. முத்துமுத்தாகப் பேசுகிறாள், நீயே பார்.

‘அத்தை நல்லா இருக்கீங்களா? தம்பிப் பாப்பா நல்லா இருக்கானா? நான் நல்லா படிக்கேன். பிரீத்திகா.’

முத்துமாரி


அச்சங்குளம்
4.5.2025

மதினி,

உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அத்தை யார்? அவளுக்கு நீங்கள்தான் அத்தை. அந்த இரண்டு வரி யாருக்கு எழுதியது? எழுதியவர் கை உங்களுடையது. தெரியாமல் எழுதிவிட்டீர்களா, தெரிந்து எழுதினீர்களா? மறு தபாலில் பதில் வேண்டும்.

சின்னவனிடம் ‘அக்கா எங்கலே?’ என்று கேட்டால் என் போனைக் கொண்டுவந்து கொடுக்கிறான். அதில் இருக்கிற போட்டோதான் அவனுக்கு அக்கா. வேறு அக்கா இருந்தது அவனுக்கு மறந்துவிட்டது. ரூமில் என் பக்கத்தில் வேலை பார்க்கிற பிள்ளைகள் ‘மக வந்துட்டாளா?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்காமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 1 வருகிறேன். வீடு பூட்டியிருந்தால் திறக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.

வாணி


விருதுநகர்
28.5.2025

வாணிக்கு முத்துமாரி எழுதுவது.

நாங்கள் நலம். நீயும் சின்னவனும் நலமாக இருக்க வேண்டும். கோபப்படாமல் கடைசி வரை படி.

சித்திரையில் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. எழுதினால் பதறி ஓடிவருவாய் என்று எழுதவில்லை. பதினோரு நாள் நான் உப்பில்லாமல் சாப்பிட்டு, வேப்பிலையால் வருடிக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தேன். நல்லபடியாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் மொட்டை போட்டுக் காது குத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஆவணி வரை அம்மனைக் காக்க வைக்க முடியுமா? 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்து முடித்துவிட்டோம். போட்டோ வைத்திருக்கிறேன்.

மில்லில் இருந்தும் தெருவில் இருந்தும் நாற்பது பேர் வந்திருந்தார்கள். இங்கே எல்லாரும் அவளை எங்கள் பிள்ளை என்றுதான் நினைக்கிறார்கள், நானும் மறுத்துச் சொன்னதில்லை. காது குத்துகிற ஆசாரி ‘தாய்மாமன் யாருப்பா, வந்து உக்காருங்க’ என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மாமாவும் திறக்கவில்லை. தம்பிதான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிள்ளையும் ஓடிப்போய் அவன் மடியில் ஏறிக்கொண்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை வாணி. அழவும் இல்லை.

எனக்கு அவன் தம்பி. என் பிள்ளைக்கு அவன் மடிதானே? சபையில் அது முடிந்துபோன விஷயம். பள்ளிக்கூடத்திலும் எங்கள் பெயரைக் கொடுத்தாயிற்று. இனி அவளைக் குழப்பாதே. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று தம்பி சொன்னான். அது நியாயம்தானே? நீ சின்ன வயசுக்காரி. அத்தையாக எப்போது வேண்டுமானாலும் வா, இரு, சாப்பிடு. 1ஆம் தேதி மட்டும் வர வேண்டாம்.

உன் மதினி,
முத்துமாரி


அச்சங்குளம்
2.6.2025

அன்புள்ள காளீஸ்வரன் அண்ணனுக்குத் தங்கை இசைவாணி எழுதுவது.

நான் நலம். சின்னவன் நலம். நீங்கள் எந்த ஊரில் நலமாக இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. 25ஆம் தேதி மத்தியானம் ‘ஐதராபாத்துல லோடு இறக்கிட்டிருக்கேன், இங்க மழ’ என்று போனில் சொன்னீர்கள். அன்றைக்கு விருதுநகரில் எடுத்த போட்டோ என் கையில் இருக்கிறது. வெயில் நன்றாக அடிக்கிறது. நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். போனில் பேச வாய் வரவில்லை, அதனால் எழுதி லாரி செட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

மணிமுத்துவிடம் போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். ‘ஏக்கா, காத இன்னொரு தடவ குத்த முடியாதுல்ல?’ என்று கேட்டான். முடியாது என்றேன். பிரஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனாகவே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றான்.

உங்கள் அக்கா வீடு பூட்டியிருக்கவில்லை. மொட்டைத் தலையும் புதுக் கம்மலுமாகப் பிரீத்திகா வாசலில் நின்றாள். என்னைப் பார்த்து ‘வாங்க அத்த’ என்றாள். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் திரும்பி உங்கள் அக்கா முகத்தைப் பார்த்தாள். நான் செத்துப்போயிருக்கலாம். சாகவில்லை. மணிமுத்து அவளைத் தூக்கிக்கொண்டான். அவள் கையை நீட்டிக்கொண்டு ‘அம்மா, அம்மா’ என்று கத்தினாள். அது என்னைக் கூப்பிட்டதில்லை.

உங்கள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ‘ஏ வாணி, நீ நெனச்சா இன்னொன்னு பெத்துக்கிடுவ, எனக்கு எவ தருவா?’ என்று தரையில் உட்கார்ந்து அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. சிவபாண்டி அண்ணன்தான், ‘விடு முத்து, போகட்டும். காளி மனசாரத் தந்தான்னு சொன்னதாலதான் நானும் சும்மா இருந்தேன். பெத்தவ தரலன்னு எனக்கு யாரும் சொல்லல’ என்றார்கள். அந்த வீட்டில் ஒருவரையும் நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. இல்லாதவர்கள் கேட்பார்கள். வயிறு அப்படி. கேட்டவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. என்னிடம் கேட்காமல் எடுத்துக் கொடுத்தவர்மேல்தான் கோபம்.

பஸ்ஸில் வழி முழுக்க அழுதாள். வீட்டுக்கு வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள். இன்று காலை ‘அத்த, நான் எப்ப வீட்டுக்குப் போவேன்?’ என்று மரியாதையாகக் கேட்டாள். எதைக் கொடுத்தாலும் நன்றாகச் சாப்பிடுகிறாள், ஒரு சேட்டை கிடையாது. விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறாள். இது மாற எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது. மாறாமலே போனாலும் அவள் என் மகள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இனி உங்கள் காரியம். ‘தாய்மாமன் யாரு’ என்று நாற்பது பேர் முன்னால் கேட்டபோது ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ‘நான் பெத்த தகப்பன்’ என்று சொல்லியிருக்கலாம். துண்டைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் அக்காதான் தாய் என்று நினைத்து உட்கார்ந்தீர்கள். ஆனால் அவளுக்குத் தாய் நான். என் மகளை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன் எனக்கு யார் என்று நீங்களே சொல்லுங்கள். எட்டு வருஷமாக மச்சான் என்று கூப்பிட்ட வாய், மாற்றிக் கூப்பிடக் கூசத்தான் செய்கிறது. பழகிக்கொள்வேன். ஐந்து வயதுப் பிள்ளையே ஆறு மாதத்தில் பழகிக்கொண்டாள்.

உங்கள் துணிமணியை ஒரு பையில் கட்டி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். சட்டை ஆறு, கைலி நான்கு, லைசென்ஸ் நகல் சட்டைப் பையில் இருக்கிறது. தங்கை வீடு என்று எப்போதாவது வந்தால் வாசலில் நின்று குரல் கொடுங்கள். சோறு போடுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாயும் முன் கிளம்பிவிட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
இசைவாணி